புரோட்டா ஏறிய உயரம்

மஞ்சணத்தி விலக்கு பஸ் நிறுத்தத்துக் கடையில் புரோட்டா மேலே போக ஆரம்பித்தது ஓர் ஆவணி மாதச் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலேமுக்கால் மணிக்கு, தென்காசி பஸ் வந்து நின்று, இறங்கியவர்கள் வரிசையில் நின்று கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில். மாஸ்டர் நம்பிராஜன் கல்லிலிருந்து எடுத்த ஆறு புரோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருபது வருஷமாக அடிப்பதுபோல் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் பட்பட்டென்று அடித்தார். அடித்துக் கையை எடுத்ததும் ஆறும் கல்லிலிருந்து நாலு விரற்கடை உயரத்துக்கு எழும்பி, ஒன்றையொன்று இடிக்காமல் அப்படியே நின்றன.

கல்லாவில் இருந்த தவசிக்கனி அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், நாலாம் நம்பர் மேசைக்கு ரெண்டு, சீக்கிரம்" என்றார். நம்பிராஜன் காற்றில் நின்ற இரண்டைக் கையால் பிடித்து இலையில் வைத்தார். சாப்பிட வந்தவர் அதன்மேல் சால்னாவை ஊற்றினார். சால்னாவின் கனத்தில் அவை அடங்கிப் படுத்துக்கொண்டன. அன்றைக்கு அவ்வளவுதான் நடந்தது.

பிறகு நடந்ததெல்லாம் பழகிக்கொள்கிற வேலை. புரட்டாசியில் புரோட்டா முழங்கால் உயரம் போனது, அண்ணாச்சி மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். ஐப்பசியில் தலைக்கு மேலே போனது, முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியின் நுனியில் பீடி சுற்றுகிற பழைய தட்டு ஒன்றைக் கட்டிப் புரோட்டா பிடிக்கிற தொரட்டி ஆக்கினார்கள். வாடிக்கையாளர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஆர்டர் சொல்லக் கற்றுக்கொண்டார்கள், கழுத்துப் பிடித்தவர்கள் மறுநாள் வரமாட்டார்கள், அதற்கு மறுநாள் வந்துவிடுவார்கள். ஒரு கார்த்திகை நாளில் வாசல் வழியாகத் தப்பித்த புரோட்டா ஒன்று புளியங்குடி பஸ்ஸின் ஜன்னலுக்குள் நுழைந்துவிட, அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அதை யாரோ சாப்பிட்டுவிட்டார்கள் என்று தகவல் வந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் நாற்காலி போட்டுப் பார்த்து, 'உணவு தரையிலோ மேசையிலோ படுவதில்லை, ஆகவே சுகாதாரக் குறைவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாலு புரோட்டா தின்றுவிட்டுப் போனார். கேரளாக்காரர்கள் வேன் வைத்து வந்தார்கள். அண்ணாச்சி, 'பறக்கும் புரோட்டா' என்று ஃபிளெக்ஸ் அடித்து வாசலில் கட்டினார்.

இதில் ஒரு காரியம் மட்டும் பிற்பாடு உதவியது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் சந்தனராஜ் தினமும் சாயங்காலம் கல்லுக்கு எதிர்ச்சுவரை ஒட்டிய பெஞ்சில் உட்காருவார். முப்பத்திரண்டு வருஷம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. புரோட்டா எவ்வளவு உயரம் போகிறதோ, அதற்கு நேராக அந்தச் சுவரில் கரிக்கட்டையால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதிவைப்பார். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அண்ணாச்சி அந்த ஒரு முழ அகலத்தை மட்டும் அடிக்காமல் விடச் சொன்னார்.

புரோட்டா எதனால் பறக்கிறது என்பதில் ஊருக்குச் சந்தேகமே கிடையாது. மாஸ்டரின் வலது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், பின்பக்கச் சதைக்குள் ஒரு கட்டி இருந்தது. ஆவணியில் நெல்லிக்காய் அளவு. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, தொட்டால் கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான். கட்டி வந்த பிறகுதான் புரோட்டா எழும்புகிறது என்று கண்டுபிடித்தவர் சந்தனராஜ். அன்றிலிருந்து லாரி டிரைவர்கள் வண்டி எடுக்கும் முன்பும், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடும் வந்து, "மாஸ்டர், ஒரு தடவை" என்று அந்தக் கட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சுளுக்கு எடுக்கிற ஒருவர் கடையில் மிஞ்சிய எண்ணெயைச் சூடாக்கி அதன்மேல் நீவி விடுவார், ராசி கலையாமல் இருப்பதற்காக. ஊர் டாக்டர் ஒருநாள் சாப்பிட வந்தபோது விரலால் அழுத்திப் பார்த்து, "கொழுப்புக் கட்டியா இருக்கும், மரத்துப்போக ஊசி போட்டுப் பத்து நிமிஷத்துல எடுத்துடலாம்" என்றார். அண்ணாச்சி கல்லாவிலிருந்து குதித்து இறங்கி வந்து, "அந்தக் கதையே வேண்டாம் சார், அதுல கத்தி படப்பிடாது" என்று கும்பிட்டார்.

நம்பிராஜனும் அதைத்தான் விரும்பினார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பதினெட்டு வயதில் மாவு பிசையத் தொடங்கி, எட்டு ஊர்க் கடைகளில் கல்லுக்கு முன்னால் நின்று வெந்து, "ஏய் மாஸ்டர்" என்பதைத் தவிர வேறு பெயரில் கூப்பிடப்படாதவர், இப்போது கோட்டயத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு பெயர் கேட்கிறது. நம்பிராஜன் என்று அவர் சொல்ல, அந்த வீட்டுச் சின்னப்பெண் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறாள். அது இந்தக் கட்டி கொடுத்தது.

அவர் மனைவி பிரமசக்தி பீடி சுற்றுகிறவள். இலையைத் தொட்டே ஈரம் சொல்லக்கூடிய விரல்கள் அவளுக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவருக்கு எண்ணெய் தேய்க்கும்போது, பீடி கட்டுகிற சிவப்பு நூலைக் கையைச் சுற்றிக் கட்டிப் பார்த்து, கட்டியின் மேல் நூல் சந்திக்கிற இடத்தில் அறுத்து, அந்தத் துண்டை ஒரு தீப்பெட்டியில் போட்டுவைப்பாள். ஏன் என்று கேட்டால், "சும்மாதான்" என்பாள்.

பங்குனியில், கோயில் கொடைக்கு முந்தின நாள், கடையில் நிற்க இடமில்லாத கூட்டத்தில், புரோட்டா உத்திரத்தைத் தொட்டு, உத்திரத்தை ஒட்டியே நகர்ந்து, வெண்டிலேட்டர் வழியாக வெளியே போய், பஸ் நிறுத்தத்தின் வேப்பமரத்துக்கு மேலே போய், காக்கைகள் விலகி வழிவிட, கண்ணுக்குத் தெரியாமல் போனது. கூட்டம் விசிலடித்தது. யாரோ வேட்டு வைத்தார்கள்.

"சுவரு முடிஞ்சு போச்சே, இனி கோடு எங்க போட?" என்று சந்தனராஜ் பெஞ்சின் மேல் ஏறி நின்று கேட்டார்.

"கூரைய உசத்திக் கட்டிருவோம் வே!" என்றார் அண்ணாச்சி.

மதியச் சோற்றுத் தூக்கைத் திரும்ப எடுத்துப்போக வந்திருந்த பிரமசக்தி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழேயிருந்து மேலே, ஆவணியிலிருந்து பங்குனி வரைக்கும், ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, உள்ளே இருந்த நூல் துண்டுகளை மேசையின் மேல் வரிசையாக நீட்டி வைத்தாள். சின்னது, அதைவிடப் பெரியது, அதைவிடப் பெரியது.

"மாமா, கார்த்திகையில எம்புட்டு ஏறிச்சு?" என்று சந்தனராஜைக் கேட்டாள்.

"ஒரே தாவா ரெண்டு சாண்."

"எங்கிட்டயும் கார்த்திகையிலதான் நூலு நீண்டிருக்கு." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "இங்க பாருங்க. நெல்லிக்கா எலுமிச்சங்காயாகி, இப்பம் கொய்யாக்கா அளவு ஆயிட்டு. நீங்க எல்லாரும் புரோட்டா வளருதுன்னு வேட்டு வைக்கீக. எனக்கு வளந்தது இதுதான் தெரியுது."

"ஏட்டி, வலியே இல்லையேட்டி" என்றார் நம்பிராஜன்.

"வலிச்சிருந்தா என்னைக்கோ போயிருப்பீக. வலிக்காம வளருது, அதான் எனக்குப் பயமா இருக்கு."

வேட்டு வைத்தவர் மிச்சத்தைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார். நம்பிராஜனுக்குப் பதில் இருந்தது, ஆனால் அது வெளியே சொல்லக்கூடிய பதில் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் சொன்னார்: "எடுத்துட்டா நான் பழையபடி ஏய் மாஸ்டர் ஆயிருவேனே."

பிரமசக்தி சோற்றில் மோரை ஊற்றினாள். "நீங்க இருந்தாத்தான ஏய்னு கூப்பிட முடியும்" என்றாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெப்சிபா என்ற அம்மா, கையைத் தடவிப் பார்த்ததைவிட அதிக நேரம் பிரமசக்தியின் போனில் இருந்த சுவரின் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கி ஒவ்வொரு தேதியாகப் படித்தார். "என்னைக்கு ஆரம்பிச்சது, எவ்வளவு வேகமா வளர்ந்ததுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. இவ்வளவு சுத்தமா எழுதிக்கொண்டு வந்தவங்களை நான் பார்த்ததில்லை. யார் எழுதினது?"

"கண்டக்டர்."

"அவருக்கு நன்றி சொல்லுங்க. இதை யாராவது வெட்டிப் பார்த்தாங்களா?"

"அண்ணாச்சி விடல. ராசி போயிரும்னு."

"அவருக்கும் நன்றி சொல்லுங்க. ஸ்கேன் எடுக்காம வெட்டியிருந்தா உள்ளே இருக்கிறது நாலா பக்கமும் பரவியிருக்கும். எண்ணெய் போட்டு நீவினாங்களா?"

நம்பிராஜன் தலையைக் குனிந்தார்.

"அவருக்கு நன்றி கிடையாது" என்றார் டாக்டர்.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். தடித்த ஊசியால் நூல் மாதிரி ஒரு துண்டு சதை எடுத்தார்கள். நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ஏனென்றால் இந்த வகைக் கட்டி வேறு இடம் தேடிப் போவதென்றால் முதலில் நுரையீரலைத்தான் பார்க்கும். நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஊசித் துண்டில் சார்கோமா என்று வந்தது. அது சதையிலும் கொழுப்பிலும் நரம்பைச் சுற்றியும் வருகிற புற்று என்றும், புற்று வருகிற பெரியவர்கள் நூறு பேரில் ஒருவருக்குத்தான் இந்த வகை என்றும் டாக்டர் விளக்கினார்.

"அப்பம் அதுலயும் நான் ஸ்பெஷல்தானா?" என்று நம்பிராஜன் கேட்டார். பிரமசக்தி அவர் தொடையைக் கிள்ளினாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபைலைத் திறந்தார்.

வியாழக்கிழமை ஐந்து டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து அவருடைய கையைப் பற்றிப் பேசினார்கள். அறுக்கிறவர் ஒருவர், கதிர் கொடுக்கிறவர் ஒருவர், மருந்து ஏற்றுகிறவர் ஒருவர், படம் படிக்கிறவர் ஒருவர், துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவர் ஒருவர். பறப்பதைப் பார்க்கவேண்டும் என்று படம் படிக்கிறவர் பிரியப்பட்டதால், எல்லோரும் கேண்டீனுக்குப் போய், நம்பிராஜன் அங்கே இருந்த கல்லில் நாலு போட்டு அடிக்க, நாலும் டியூப்லைட்டைக் கடந்து போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டன. ஐந்து பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"சரி, பார்த்தாச்சு" என்றார் ஹெப்சிபா. "இனி நோயைப் பத்திப் பேசலாம்."

அவர் பிரமசக்தியையும் நம்பிராஜனையும் எதிரே உட்காரவைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ஒரு வழி, கையையே எடுத்துவிடுவது. முன்பெல்லாம் அதைத்தான் செய்தார்கள், இப்போது வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான். இன்னொரு வழி, கையை வைத்துக்கொண்டு கட்டியை எடுப்பது. அதற்கு முதலில் ஐந்து வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, கதிர் கொடுத்து அதை அடக்க வேண்டும், பிறகு ஒரு மாதம் போல் ஆறவிட்டு அறுக்க வேண்டும். மருந்து ஏற்றுவது இந்த வகைக்கு எவ்வளவு உதவும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் இப்போது வேண்டாம், தேவை வந்தால் கையிருப்பில் இருக்கட்டும்.

"கட்டியை மட்டும் நோண்டி எடுக்கிறதில்ல. அதைச் சுத்தி நல்ல சதையும் ஒரு விரல் அகலத்துக்குச் சேர்த்து எடுக்கணும். கண்ணுக்குத் தெரியாத வேர் அதுல இருக்கும்."

நம்பிராஜனுக்கு அது புரியவில்லை. நல்ல சதையை எதற்கு வெட்டவேண்டும்?

பிரமசக்திக்கு உடனே புரிந்தது. "பீடி இலையில பூச்சி அரிச்சிருந்தா ஓட்டைய மட்டுமா வெட்டுவோம்? சுத்திச் சிவந்திருக்கிறதையும் விட்டுத் தள்ளித்தான் கத்தரி வைப்போம். ஒட்டி வெட்டுனா சுத்தின பிறகு அங்கனதான் கிழியும்."

"இனிமே எல்லாருக்கும் நான் இதையேதான் சொல்லப் போறேன்" என்றார் டாக்டர். பிறகு அவர் குரல் கொஞ்சம் மெதுவானது. "ஒரு விஷயம். மணிக்கட்டைத் தூக்குற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டித்தான் போகுது. காப்பாத்தப் பார்ப்போம். காப்பாத்திடுவோம்னு எழுதிக் கொடுக்க மாட்டேன். கை இருக்கும், புரோட்டா அடிக்கிற கையா இருக்குமான்னு அறுத்த பிறகுதான் தெரியும்."

நம்பிராஜன் தன் வலது கையை மேசைமேல் வைத்துப் பார்த்தார். இருபது வருஷச் சூட்டில் மயிரெல்லாம் கருகிப்போன கை. "பறக்கிறது நின்னுருமா?" என்று கேட்டார்.

"அது எங்க பாடத்துல இல்லை" என்றார் டாக்டர் ஹெப்சிபா. "நின்னுரும்னுதான் நினைக்கிறேன்."

நம்பிராஜன் சரி என்றார். எந்த இடத்தில் முடிவு செய்தார் என்று அவருக்கே தெரியாது. பிரமசக்தி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெறும் விரல்களால் இல்லாத பீடியைச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்த இடமாக இருக்கலாம்.

காப்பீட்டு அட்டை இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சத்திரத்தில் அறையும் கிடைத்தது. தினமும் சில நிமிஷம் மெஷினுக்குக் கீழே அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை மட்டும் ஊருக்கு வந்து, கையை வருத்தாமல், டாக்டர் அனுமதித்தபடி ஒரே ஒரு அடுக்கு அடிப்பார். ஊர் முழுக்கக் கூடி நின்று பார்க்கும்.

முதல் சனிக்கிழமை புரோட்டா வழக்கம்போல் உத்திரத்தைத் தொட்டது. கூட்டத்துக்குக் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. சிலர் பழக்கத்தில் தட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு கையைப் பின்னால் கட்டினார்கள். இரண்டாவது சனிக்கிழமையும் உத்திரம்தான். அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை. "மெஷின்ல கரண்டு வருதா, கேட்டீரா வே?" என்றார். கட்டி சுருங்காமலே இருக்கலாம், உள்ளுக்குள் வேலை நடக்கும் என்று டாக்டர் சொன்னதைப் பிரமசக்தி எடுத்துச் சொன்னாள்; சொல்லும்போது தீப்பெட்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை, உத்திரத்துக்கு ஒரு சாண் கீழே நின்றது.

சந்தனராஜ் கோடு போட்டார். பிறகு அண்ணாச்சி, பறக்கும் புரோட்டாவுக்கு ஃபிளெக்ஸ் அடித்த அதே அண்ணாச்சி, கல்லாவைத் திறந்துபோட்டுவிட்டு நடுக்கடைக்கு ஓடிவந்து, "இறங்கிட்டு! ஏ, இறங்கிட்டுடே!" என்று கத்தினார். பங்குனியில் மிச்சம் வைத்த வேட்டு அன்றைக்கு வெடித்தது.

அதற்குப் பிறகு மஞ்சணத்தி விலக்கு ஏறுவதற்குச் சந்தோஷப்பட்டதை மறந்து இறங்குவதற்குச் சந்தோஷப்படக் கற்றுக்கொண்டது. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள், "இந்த வாரம் எம்புட்டு?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்கள். "மின்விசிறிக்குக் கீழ" என்று யாராவது சொன்னால், முன்பின் தெரியாத பயணிகள்கூடத் தலையாட்டிக்கொண்டார்கள். கேரளாவிலிருந்து வந்த ஒரு வேன்காரர், இவ்வளவு தூரம் வந்தும் தலைக்கு மேலேகூடப் போகவில்லையே என்று குறைபட்டபோது, ஒரு லாரி டிரைவர் அவரைத் தனியாக அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்து, கதிர் என்றால் என்ன, அது எப்படி வேலை செய்யும் என்று, தான் கேள்விப்பட்டதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். பாதி தப்பு. ஆனால் வேன்காரர் கண் கலங்கிவிட்டது. ஐந்தாவது சனிக்கிழமை புரோட்டா இடுப்பளவுக்கு வந்திருந்தது. கையின் தோல் வெயிலில் வெந்ததுபோல் கறுத்து எரிந்தது. நம்பிராஜன் விசிறிக்கொண்டே சிரித்தார்.

ஆடியில் அறுத்தார்கள். ஆறு மணி நேரம். கட்டியும் சுற்றி நல்ல சதையும் போன பள்ளத்தை, முதுகிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த சதையால் மூடினார்கள். பத்து நாள் கழித்து, எடுத்ததன் ஓரமெல்லாம் சுத்தம் என்று சீட்டு வந்தது. பிரமசக்தி அந்த ஒரு வரியை எழுத்துக்கூட்டி நாலு தடவை படித்தாள்.

நரம்பு பிழைத்தது, ஆனால் கோபித்துக்கொண்டது. மணிக்கட்டு வாடின கீரைத்தண்டு மாதிரி தொங்கியது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். நம்பிராஜன் மூன்று நாள் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதுல உசிர் இல்லையேம்மா" என்று சொல்லி, கேண்டீனிலிருந்து பிசைந்த மைதா உருண்டை ஒன்று கேட்டு வாங்கினார். மாவை அமுக்க அமுக்க விரல்கள் பழைய ஞாபகத்துக்கு வந்தன. புரட்டாசியில் சுண்டுவிரல் எழும்பியது. கார்த்திகையில் மணிக்கட்டு. உருண்டைகள் வீணாகாமல் சத்திரம் முழுக்கச் சப்பாத்தி சாப்பிட்டது.

தை பிறந்து மூன்றாம் நாள், நம்பிராஜன் கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். கடை கொள்ளாத கூட்டம். மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள், தொரட்டியோடு ஒருவர் தயாராக நின்றார், சந்தனராஜ் கரிக்கட்டையைக் காதில் செருகியிருந்தார். மாவை வீசும்போது வலது கை முன்புபோல் முழு வட்டம் சுற்றவில்லை. குறைந்ததை இடது கை எடுத்துக்கொண்டது. மடித்து, சுருட்டி, தட்டி, போட்டு, திருப்பி, ஆறும் பொன் நிறத்துக்கு வந்ததும் அடுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பக்கமும் பட்பட்டென்று அடித்துக் கையை எடுத்தார்.

ஆறும் கல்லிலேயே கிடந்தன.

நம்பிராஜன் கண்ணைத் திறந்து, புரோட்டாவைப் பார்த்து, கூட்டத்தைப் பார்க்கப் பயந்து, மறுபடி புரோட்டாவையே பார்த்தார். அண்ணாச்சி தாமே ஒன்றை எடுத்து இலையில் வைத்து சந்தனராஜிடம் நீட்டினார். அவர் சால்னா ஊற்றாமல் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். போட்டவர் வாயைப் பிளந்து, ஊஃப் ஊஃப் என்று ஊதி, கையை உதறினார்.

"என்ன மாமா, நல்லா இல்லையா?" என்று பிரமசக்தி கேட்டாள்.

"சுடுது!" என்றார் சந்தனராஜ், கண்ணில் தண்ணீர் வழிய. "ஏ மக்கா, சுடுதுடே! மேல போய்ட்டுத் தொரட்டியில வாறதுக்குள்ள ஆறிப் போயிருமே, வருசம் ஒண்ணாச்சு நான் நம்பிராஜன் கையால சூடா ஒரு புரோட்டா தின்னு. நம்பிராஜா, இன்னும் ரெண்டு போடுப்பா!"

அப்புறம் யார் முதலில், யார் அடுத்து என்று தெரியாத அளவுக்குக் கைகள் நீண்டன. "நம்பிராஜா, எனக்கு நாலு", "நம்பிண்ணே, இந்தப் பக்கம்" என்று கூப்பிட்டார்கள். ஒரு வருஷமாக அவர் கையையும் உயரத்தையும் பற்றியே பேசிப் பேசி, ஏய் மாஸ்டர் என்று கூப்பிடுவதே எல்லோருக்கும் விட்டுப்போயிருந்தது. தொரட்டிக்காரர் தொரட்டியை முருங்கை மரத்தடிக்கு எடுத்துப்போனார். மின்விசிறிகள் சுற்றத் தொடங்கின. பிரமசக்தி கரிக்கட்டையை வாங்கி, சுவரில் எல்லாக் கோடுகளுக்கும் கீழே, கல்லின் மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டுத் தேதியும் எழுதினாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் நெஞ்சுக்குப் படம் எடுக்க வேண்டும், இன்னும் சில வருஷத்துக்கு. திரும்பி வராது என்று டாக்டர் ஹெப்சிபா சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருப்போம் என்றுதான் சொல்லியிருக்கிறார். அதனால் இன்றைக்கும், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம், நம்பிராஜன் முதல் அடுக்கை அடிக்கிறபோது கடையில் ஒருவரும் இலையைத் தொடுவதில்லை. தென்காசி பஸ்கூட எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கிறது. அடித்து அவர் கையை எடுக்கிறார். எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். பெஞ்சிலிருந்து எழுந்து, மூக்கு கல்லில் சுடுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் கடைசி சீட் வரைக்கும் கேட்கிற கண்டக்டர் குரலில் சந்தனராஜ் அறிவிக்கிறார்:

"கிடக்கு! கல்லுலயே கிடக்கு!"

பஸ் ஹாரன் அடிக்கிறது. எல்லோரும் சாப்பிட உட்காருகிறார்கள். எதற்கும் நெஞ்சுப் படத்தை எடுத்துவிட்டே வந்துவிடுவோம் என்று பிரமசக்தி மறுநாளைக்குப் பையை எடுத்து வைக்கிறாள், அதில் டாக்டருக்கென்று நாலு புரோட்டாவும், ஆறிவிடாமல், இலையில் இறுக்கிக் கட்டி.